இருபத்தாறு டிகிரி

பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலைக்காரரைப் பார்த்துப் பேசிவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள் சுடர்விழி. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. பேருந்தின் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. உள்ளே வந்த காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல் முகத்தில் அடித்தது. ஒரத்தநாட்டில் வண்டி கொஞ்சநேரம் நின்றபோது, பொழுது போகாமல் போனை எடுத்துத் தன் கருவி என்ன காட்டுகிறது என்று பார்த்தாள்.

கருவி அவளுடையதுதான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் வருடக்கணக்காக அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். புதாற்றங்கரையில் ஒரு தவிட்டெண்ணெய் ஆலை இருந்தது. சோதனைக்காக ஒன்றை வைத்துப் பார்க்கலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டதால், போன மாதம்தான் அங்கே பொருத்திவிட்டு வந்திருந்தாள்.

தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றுவார்கள். பெட்ரோலுக்குப் பங்காளி மாதிரி அது. கொஞ்சம் திறந்து வைத்தாலும் ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். நூறு பங்கு காற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கலந்துவிட்டால் போதும், ஒரு சின்னப் பொறிக்குக் கட்டடமே மிஞ்சாது. அந்த ஆவியை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதற்காகச் செய்ததுதான் சுடர்விழியின் கருவி. நகக்கண் அளவு குவார்ட்ஸ் படிகத் தகடு, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் ஒரு பாலிமர் பூச்சு. ஆவி வந்தால் பூச்சில் ஊறும். ஊறினால் தகட்டின் எடை கூடும், அதன் அதிர்வு மாறும், திரையில் எண் ஏறும். வெடிக்கும் அளவில் எத்தனை சதவீதம் என்பதை அந்த எண் சொல்லும். பத்துக்குக் கீழே இருந்தால் பச்சை.

இப்போது எட்டு காட்டியது. பச்சை.

சரி என்று போனை அணைக்கப்போனவள், பக்கத்தில் இருந்த இன்னொரு கோட்டைப் பார்த்தாள். அது வெப்பநிலைக் கோடு. காலையிலிருந்து நடுமதியம் வரை, அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி, இருபத்தாறு டிகிரியிலேயே நின்றிருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு, ஜன்னலுக்கு வெளியே தார் உருகிக் கிடந்த சாலையைப் பார்த்தாள். திரும்பவும் கோட்டைப் பார்த்தாள்.

பூச்சுக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற ஆவி அதில் தங்காது, வந்த வேகத்தில் கிளம்பிவிடும். சுற்றிலும் அதே அளவு ஆவி இருந்தாலும், குளிர்ந்த பூச்சு அதிகம் காட்டும், சூடான பூச்சு குறைவாகக் காட்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. அதற்காகத்தான் வெப்பமானி ஒன்றையும் சேர்த்து வைத்து, சூட்டுக்குத் தகுந்தபடி எண்ணைத் திருத்திக்கொள்ளும் கணக்கையும் எழுதி வைத்திருந்தாள். ஆனால் அந்த வெப்பமானி மின்சுற்றுப் பெட்டிக்குள் இருந்தது. ஹெக்சேன் இருக்கிற கட்டடத்துக்குள் மின்சுற்றுப் பெட்டி கூடாது என்று ஆலையில் சொன்னார்கள். நியாயமான பேச்சு. அதனால் தகடு இருக்கும் மோப்பத் தலையை மட்டும் அந்தக் கட்டடத்தில் ஆவி தேங்கும் குழிக்குள் வைத்துவிட்டு, நீளமாக ஒரு கேபிள் இழுத்து, பெட்டியைக் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த கண்ட்ரோல் ரூமில் மாட்டினார்கள்.

அந்த அறையில் இரவும் பகலும் ஏசி ஓடும். இருபத்தாறில்.

பெட்டி குளுகுளுவென்று இருந்துகொண்டு, குழியும் அப்படித்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. குழியில் இருந்த தலையோ நீராவிக் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டியது அவள்தான்.

காலையில் ஆலையின் மேலாளர் செந்தில்குமார் அனுப்பியிருந்த செய்தி அப்போதுதான் முழுதாக உறைத்தது. 'இன்னைக்கு ஷட்டவுன் மேடம். ராத்திரியே ஹெக்சேனை வடிச்சு ஸ்டீம் போட்டாச்சு. குழிக்குள்ள ஒரு வெல்டிங் வேலை இருக்கு, சாப்பாட்டுக்கு அப்புறம் இறங்கறோம். கை மீட்டர் சர்வீஸுக்குப் போயிருக்கு. உங்க மீட்டர் பச்சை காட்டினா பெர்மிட் போட்டுடறேன்.' அதற்கு அவள் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிப் பதில் அனுப்பியிருந்தாள்.

பேருந்து நகர்ந்தது. அவள் செந்தில்குமாரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: பொறி பயத்தால், மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் எல்லாரும் போனைக் கேட்டில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அவர் போன் இப்போது அந்த டப்பாவுக்குள் கிடந்து துள்ளிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள்.

"சார் உள்ள இருக்காருங்க. நான் வாட்ச்மேன் பஞ்சநதம் பேசறேன்."

"அண்ணே, நான் சுடர்விழி. மீட்டர் வச்சேனே. வெல்டிங் ஆரம்பிச்சிட்டாங்களா?"

"அப்சர் பாய் இப்பதாம்மா சாமானெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனாரு."

அப்சரை அவளுக்குத் தெரியும். கூத்தாநல்லூர்க்காரர். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் வெல்டிங் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மோப்பத் தலையைக் குழியில் கட்டிய அன்று, அவள் வழுக்கி விழாமல் இருக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. மீட்டர் தப்பாக் காட்டுது. குழியில கேஸ் இருக்கலாம். ஓடிப்போயி வெல்டிங் போடவேண்டாம்னு சொல்லுங்க. பாயை மேல ஏறச் சொல்லுங்க."

"ஐயையோ. தோ போறேம்மா."

நாற்காலி நகர்ந்த சத்தம். செருப்பு சரளைக்கல்லில் உரசும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். அவர் போவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கக்கூடாதே என்று அவளுக்கு மண்டையில் அடித்தது.

"அண்ணே, போன் எங்க இருக்கு?"

"கையிலதாம்மா. பேசிக்கிட்டேதான் போறேன்."

"நில்லுங்க. அங்கேயே நில்லுங்க. மஞ்சக் கோட்டைத் தாண்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. கிட்ட வந்துட்டேன்."

"திரும்பி வந்து போனை நாற்காலியில வச்சுட்டுப் போங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க. யாரையும் தொடவிடாதீங்க."

சரளைக்கல் மறுபடி உரசியது. போனை எதன்மேலோ வைத்தார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஓடும் மின்விசிறியின் 'டொக் டொக்' மட்டும்.

அவள் எழுந்து ஓட்டுநரிடம் போனாள். ஆலை ரோட்டுமுனையில் நிறுத்தமுடியுமா என்று கேட்டாள். அங்கே ஸ்டாப்பிங் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தலையசைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் பார்வை முழுக்க, தென்னந்தோப்புகளுக்கு மேலே தெரிந்த வானத்தில் இருந்தது. வெறும் வெளுத்த வானம். ஏதாவது ஒரு கரும்புகை எழும்பிவிடுமோ என்று கண்ணிமைக்கவே பயமாக இருந்தது. காதில் வைத்திருந்த போனில் மின்விசிறி ஓடியது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆலை இருக்கிறது என்று அர்த்தம். அந்த 'டொக் டொக்'கை ஒரு நாடித்துடிப்பு மாதிரிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ரோட்டுமுனையில் இறங்கி ஓடினாள். புதாறு வறண்டு, நடுவில் ஆடுகள் படுத்திருந்தன. கோடை நெல் அறுத்த தாள்கள் வயலில் வெள்ளையாகத் தகித்தன. பாதி வழியில் போனில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

அவள் கால்களும் நின்றுவிட்டன. வெடிச்சத்தம் வரும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காக்கை ஒன்று கரைந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் ஆலையின் தகரக்கூரை அப்படியே இருந்தது. போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. அவளுடைய போன்தான்.

கேட்டில் யாரும் இல்லை. போனையும் பையையும் நாற்காலியில் வீசிவிட்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். வெயிலில் வெல்டிங் மெஷின் உறுமிக்கொண்டு நின்றது. அதிலிருந்து கிளம்பிய கறுப்புக் கேபிள் கட்டடத்து வாசல் வழியாக உள்ளே போயிருந்தது. உறுமுகிறது என்றால் அதில் மின்சாரம் இருக்கிறது.

உள்ளே செந்தில்குமாரும் இரண்டு தொழிலாளிகளும் குழியின் விளிம்பில் குனிந்து நின்றார்கள். பஞ்சநதம் சுவரோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டவர், அப்போதுதான் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்திருந்தார். அவர் வந்து சொன்னதும் செந்தில்குமார் குழியைப் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை.

"பாய், அப்சர் பாய்," என்று செந்தில்குமார் திரும்பவும் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. "வெயில்ல மயங்கிட்டாருன்னு நினைக்கறேன் மேடம். இரண்டு நிமிஷம் முன்னாடிகூட பேசினாரு."

சுடர்விழி எட்டிப் பார்த்தாள். குழி இரண்டு ஆள் ஆழம். அப்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமூடி நெற்றிக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தது. வாய் திறந்திருந்தது. மடியில் கிடந்த வலது கையில் வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டர் இருந்தது, அதன் வாயில் புது ராடு. ராடின் நுனிக்கும் அவர் வெல்டிங் பண்ணவேண்டிய இரும்புத் தாங்கிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. கை சற்றே சரிந்தால் அது இரும்பைத் தொடும்.

பெட்ரோல் பங்கில் வருகிற அந்த இனிப்பு வாடை மெலிதாக மேலே வந்தது. ஓடிவிடவேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

"நான் இறங்கறேன்," என்று ஒரு தொழிலாளி ஏணியில் கால் வைத்தார்.

"வேண்டாங்க. இறங்கினா நீங்களும் விழுவீங்க," என்றாள். தன் குரல் அவ்வளவு மெதுவாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. "முதல்ல கரண்ட்டு போகணும்."

இன்னொருவர் வாசலோரம் இருந்த சுவிட்சுப் பலகையை நோக்கி நகர்ந்தார். மெஷினுக்கு அங்கிருந்துதான் இணைப்பு.

"அதைத் தொடாதீங்க. அணைக்கும்போது பொறி வரும். கேட்டுகிட்ட ஈ.பி. ரூம்ல மெயினை இறக்குங்க. பஞ்சநதம் அண்ணே, உங்களால முடியுமா?"

அவர் சுவரைப் பிடித்து எழுந்து போனார். மற்றவர்கள் நின்றார்கள். அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல் நின்றார்கள். அப்சரின் விரல்கள் லேசாகத் தளர்வதைச் சுடர்விழி பார்த்தாள். ஹோல்டர் ஒரு விரற்கடை சரிந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் சரிந்தது. தன் மூச்சுக்காற்று பட்டு அது விழுந்துவிடும் என்பதுபோல அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

வெளியே உறுமல் நின்றது.

யார் முதலில் கயிற்றைப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. அப்சரின் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்கியிருந்தார்கள். அந்த ஒரு விதியைச் செந்தில்குமார் விட்டுக்கொடுத்ததே இல்லை. நாலுபேரும் சேர்ந்து இழுத்தார்கள். கனத்த ஆள். உடம்பு சுவரில் உரசிக்கொண்டு மேலே வர, கையிலிருந்த ஹோல்டர் நழுவி அடியில் கிடந்த இரும்பில் 'டங்' என்று விழுந்தது. நாலுபேர் கையும் அப்படியே உறைந்தன.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள்.

கேட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் கிடத்தினார்கள். காற்று பட்டதும் அப்சர் இருமினார். பக்கவாட்டில் திரும்பி வாந்தி எடுத்தார். கண் திறந்தவர் சுற்றி நின்றவர்களை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு, "ராடு மாட்டினேன். யாரோ கூப்பிட்டாங்க. எந்தப் பக்கமிருந்துன்னு புரியல," என்றார்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுச் செந்தில்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை. வெயிலுக்குத்தான் இப்படி ஆயிருக்கு. உள்ள காத்தே இல்ல. மெயினைப் போடுங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். குழி கொஞ்சம் ஆறட்டும்."

பஞ்சநதம் ஈ.பி. ரூமை நோக்கித் திரும்பினார்.

"போடாதீங்கண்ணே," என்றாள் சுடர்விழி. "சார், அது வெயில் இல்ல. கேஸ்."

"எட்டுதானே மேடம் காட்டுது? இறங்கறதுக்கு முன்னாடி நானே பார்த்தேன். இப்பவும் பச்சைதான். நீங்க செஞ்ச மீட்டர்தானே?"

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. நம்பிக்கையோடு சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் செஞ்சதுதான். அதுக்குச் சூடு தெரியல சார். கண்ட்ரோல் ரூம் சூட்டை வச்சுக் கணக்குப் போடுது. தலை கொதிக்கற குழாயில இருக்கு." அவர் முகத்தில் புரிந்த மாதிரி தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. "ஒண்ணு பண்ணுங்க. நீங்க போயி ஸ்கிரீனைப் பாருங்க. பாட்டரியில ஓடிக்கிட்டுதான் இருக்கும். நான் குழாயில தண்ணி ஊத்தறேன். குழியில வேற எதையும் மாத்தப்போறதில்ல."

பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அவள் மறுபடி உள்ளே போனாள். அந்தக் கட்டடத்துக்குள் இரண்டாம் முறை நுழைந்ததுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மின்விசிறிகள் நின்று, வெளிச்சம் போய், தகரக்கூரை மட்டும் வெயிலில் 'டிக் டிக்'கென்று விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவள் தோள் குலுங்கியது. விளிம்பில் குப்புறப் படுத்து, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, குழாயின் மேல்முனையில் தண்ணீரை மெல்லச் சாய்த்தாள். குழாய் சுர்ரென்றது. நீராவி எழும்பியது. தண்ணீர் வழிந்து, சின்னத் தொப்பி போட்டிருந்த மோப்பத் தலையைச் சுற்றி இறங்கியது. குடம் காலியாகும்வரை ஊற்றினாள்.

வெளியே வந்து நின்றாள். கண்ட்ரோல் ரூம் கதவு மூடியே இருந்தது. தன் கணக்கு தப்பாகிவிட்டால் நல்லது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பூச்சு குளிர்ந்தும் எட்டிலேயே நின்றால், அவள் ஒரு முட்டாள், அவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

கதவு திறந்தது. செந்தில்குமார் ஓடி வரவில்லை. மெதுவாக, வழியில் கிடந்த எதையும் மிதித்துவிடக்கூடாது என்பதுபோல நடந்து வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"எட்டு, பதினைஞ்சு, முப்பதுன்னு போச்சு," என்றார். "நான் வரும்போது நாற்பதைத் தாண்டிடுச்சு. இன்னும் ஏறுது."

தலை இருந்தது குழியின் பாதி உயரத்தில். அப்சர் உட்கார்ந்திருந்தது அடியில். அங்கே எவ்வளவு இருந்திருக்கும் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"எல்லாரும் வெளிய வாங்க," என்று செந்தில்குமார் சன்னமான குரலில் சொன்னார். "ஒரு வண்டியும் ஸ்டார்ட் பண்ணவேண்டாம். தள்ளிக்கிட்டு வாங்க."

அப்சரை ஆம்புலன்ஸ் ரோட்டுமுனையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆலைக்குப் பின்னால் இருந்த வீடுகளில் சொல்லி அடுப்பை அணைக்க வைத்தார்கள். எல்லாரும் புதாற்றின் மறுகரைக்குப் போய்த் தென்னை நிழலில் உட்கார்ந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்து, தூரத்திலிருந்து தண்ணீர்த் திரை போட்டு, நீரழுத்தத்தில் சுழலும் காற்றாடியால் குழாய் வழியாகக் குழிக்குள் காற்றை விட்டு ஆவியை விரட்டினார்கள். அடியில் கெட்டியாகிக் கிடந்த பழைய தவிட்டுக் கசடு ஹெக்சேனை உறிஞ்சி வைத்திருந்ததும், குழி சூடாக ஆக அதைக் கக்கிக்கொண்டிருந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. பொழுது சாயும் நேரத்தில்தான் இனிப் போகலாம் என்றார்கள். சுடர்விழிக்கு எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்சரின் மனைவி ஜொகரா அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க வரலைன்னா இவர் இல்லம்மா."

"நான் வச்ச மீட்டரைப் பார்த்துத்தாங்க இறங்கினாரு," என்றாள் சுடர்விழி.

ஜொகராவின் கை அவள் கையிலேயே இருந்தது. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. சுடர்விழி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உடம்பு தேறியபிறகு, அந்தக் கருவியைப் பார்க்கவேண்டும் என்று அப்சரே கேட்டு ஆய்வகத்துக்கு வந்தார். செந்தில்குமார் அழைத்து வந்தார். சுடர்விழி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய தலையை வைத்து, துளி ஹெக்சேனை விட்டு மூடினாள். எண் ஐம்பதில் போய் நின்றது. பிறகு பெட்டியைச் சூடாக்கினாள். மூடி மூடியபடியே இருந்தது, ஆவி எங்கும் போகவில்லை. எண் மட்டும் இறங்கியது. நாற்பது. இருபத்தைந்து. பன்னிரண்டு. கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது.

அப்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இதுக்குள்ள முன்னாடி இருந்த அளவே இருக்கா?"

"அதே அளவு இருக்கு பாய்."

"பச்சையா எரியுது."

"ஆமா." அவள் புதுத் தலையை எடுத்துக் காட்டினாள். பூச்சுக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, கடுகளவு வெப்பமானி வைத்திருந்தாள். வெப்பமானியிலிருந்து தலையின் சூடு வராவிட்டால் எண்ணே வராது, சிவப்புதான் வரும். கை மீட்டர் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது என்று ஆலைக்கும் எழுதிக் கொடுத்திருந்தாள். அதையெல்லாம் சொல்லத் தொடங்கியவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பச்சையை அணைச்சிடும்மா," என்றார் அப்சர்.

அவள் அணைத்தாள். அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வராந்தாவுக்குப் போய், வெயிலில் நின்றார். செந்தில்குமார் பின்னாலேயே போகப்பார்த்தார். சுடர்விழி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தானே போனாள்.